ஒரே செட்டப், பத்து வண்டிகள்



கார் பந்தய விளையாட்டுக்கெல்லாம் ஒரு சொற்பொழிவா என்று யோசித்தபடி வந்திருக்கும் பெரியவர்கள் சிலரை முன்வரிசையில் பார்க்கிறேன். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இழுத்து வந்திருப்பார்கள். அவர்களுக்காக முதலில் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். விளையாடுகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1997 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்கு வந்த விளையாட்டு கிரான் டூரிஸ்மோ. கசுனோரி யமாவுச்சியும் அவருடைய குழுவும் உருவாக்கியது. பந்தய விளையாட்டுகள் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் ஷோரூமில் நிற்கிற சாதாரண வண்டி ஒன்றை வாங்கி, அதன் ஸ்பிரிங்கை மாற்றி, கியர் விகிதத்தைத் திருத்தி, எடையைக் குறைத்து, பிறகு பந்தயத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற ஆசையை உலகம் முழுக்கப் பரப்பியது இந்த விளையாட்டுதான். ஒர்க்ஷாப்பில் கை அழுக்காகச் செய்கிற வேலை, வீட்டுக் கூடத்தில் டிவிக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தது. அந்த வேலைக்கு ட்யூனிங் என்று பெயர். அதன் முடிவில் கையில் இருக்கும் எண்களின் தொகுப்பு செட்டப். முன் ஸ்பிரிங் இவ்வளவு, பின் ஸ்பிரிங் இவ்வளவு, தரையிலிருந்து உயரம் இத்தனை மில்லிமீட்டர், சக்கரத்தின் சாய்வு இத்தனை டிகிரி என்று ஒரு வண்டிக்கு இருபது முப்பது எண்கள் வந்துவிடும்.

சிலருக்கு வண்டி ஓட்டுவதைவிட இந்த எண்களைத் தேடுவதே விளையாட்டு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு செட்டப்பைத் தேற்றி, காலையில் அதை மற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள். கலப்பில்லாத பெருந்தன்மை அது. வம்பும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒருவர், "இந்த எண்களைப் போடுங்கள், வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும்" என்கிறார். இன்னொருவர் அதே எண்களைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். முதல் வளைவிலேயே வண்டி பின்பக்கமாகத் திரும்பிப் புல்தரையில் நிற்கிறது. கொடுத்தவர் ஏமாற்றுக்காரர் என்று இவர் சொல்கிறார். வாங்கியவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று அவர் சொல்கிறார். இருவருமே நேர்மையானவர்களாக, நன்றாக ஓட்டுகிறவர்களாக இருந்தாலும் இந்தச் சண்டை வரும். எண்கள் ஒன்றுதான், எண்கள் வாழ்ந்த சூழல் வேறு. பிறந்த நேரமும் ஊரும் சொல்லாமல் ஜாதகம் கணிக்கச் சொல்வது போன்றது அது.

என்ன சூழல் என்று கேட்பீர்கள். எஞ்சின் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 நவம்பரில் வந்த கிரான் டூரிஸ்மோ 5-இல் வண்டியை வாங்கிய கையோடு ஆயில் மாற்றினால் எஞ்சினின் சக்தி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஏறும். ஓட ஓட ஆயில் பழசாகி அது இறங்கும். கிலோமீட்டர் ஏற ஏற சேஸியின் விறைப்பும் தளரும். காசு கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். ஆக, புது ஆயிலோடும் புதுச் சேஸியோடும் ஒருவர் தேற்றிய செட்டப்பை, பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இன்னொருவர் போட்டால் அது அந்த வண்டியே அல்ல. செட்டப் தாளில் ஸ்பிரிங் கணக்கை தசமப் புள்ளி வரை எழுதிய புண்ணியவான், ஆயில் மாற்றினாரா என்று ஒரு வார்த்தை எழுதியிருக்க மாட்டார்.

கியர் பெட்டியில் இன்னும் ஒரு விசித்திரம். கிரான் டூரிஸ்மோவின் பழைய பாகங்களில், எந்த எண்ணை முதலில் தொட்டீர்கள் என்பதைப் பொறுத்து மற்ற எண்களுக்குக் கிடைக்கும் எல்லை மாறும். ஃபைனல் கியரை முதலில் ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அப்புறம் உச்ச வேகத்தை அமைத்து, அதற்குப் பிறகு ஒவ்வொரு கியராகப் போனால்தான் சில விகிதங்கள் கிடைக்கும். வரிசை மாறினால் தாளில் இருக்கும் எண் திரையில் வரவே வராது. வாங்கியவர் மணிக்கணக்காக உருட்டிப் பார்த்துவிட்டு, "எழுதினவன் தப்பாக எழுதியிருக்கிறான்" என்று முடிவுகட்டுவார். எண் சரிதான். எழுதியவர் தன் கை போன வரிசையை எழுதாமல் விட்டதுதான் கோளாறு.

டயரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கம்ஃபர்ட், ஸ்போர்ட்ஸ், ரேசிங் என்று மூன்று குடும்பம். ஒவ்வொன்றிலும் ஹார்டு, மீடியம், சாஃப்ட். ஸ்போர்ட்ஸ் சாஃப்டில் அடக்கமாகப் போகும் வண்டி கம்ஃபர்ட் ஹார்டில் வழுக்குமரம். இதைச் சொல்லாத செட்டப்பைப் படிக்கவே வேண்டாம்.

இனி விளையாட்டின் பதிப்பு. கிரான் டூரிஸ்மோ 7-க்கு 2024 ஜூலையில் 1.49 என்ற அப்டேட் வந்தது. சஸ்பென்ஷன் நடந்துகொள்ளும் விதத்தையே மாற்றினார்கள். மாற்றிய கையோடு சில வண்டிகள் சில செட்டிங்கில் தவளை மாதிரி துள்ளி வானத்துக்குப் பறந்தன. பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அடுத்து வந்த 1.50-இல் அதை அடக்கினார்கள். துள்ளல் போய்விட்டது, ஆனால் அதற்கு முன்பு எழுதிய செட்டப்புகளை எல்லாம் மறுபடி ஓட்டிப் பார்த்தால்தான் நம்ப முடியும் என்ற நிலை வந்துவிட்டது. இதே கதை இத்தாலியின் கூனோஸ் நிறுவனத்தின் அசெட்டோ கோர்சா காம்பெடிட்சியோனேயிலும் நடந்தது. ஸ்லிக் டயரின் காற்றழுத்தம் ஓடும்போது 27.5 பிஎஸ்ஐயை ஒட்டி இருக்க வேண்டும் என்பது வெகுநாள் வேதவாக்கு. 2023-இல் 1.9 பதிப்பு வந்ததும் 26-க்கும் 27-க்கும் நடுவே என்று ஆகிவிட்டது. அந்த விளையாட்டில் வெளிச் சூடு ஒரு டிகிரி கூடினாலே டயர் அழுத்தம் ஏறக்குறைய 0.1 பிஎஸ்ஐ ஏறும். அப்படியென்றால், பதிப்பும் வெப்பநிலையும் இல்லாமல் ஒருவர் டயர் அழுத்தம் எழுதிக் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைசியாகக் கை. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரின் சின்னக் குச்சியைக் கட்டைவிரலால் தள்ளி ஓட்டுகிறவருக்கும், ஸ்டீயரிங் சக்கரத்தைப் பிடித்து ஓட்டுகிறவருக்கும் வண்டி ஒன்றல்ல. கன்ட்ரோலர் என்றால் கட்டைவிரலின் அவசரத்தை விளையாட்டே கொஞ்சம் மென்மையாக்கிக் கொடுக்கிறது. ஏபிஎஸ், டிராக்ஷன் கன்ட்ரோல் என்று துணைக்கு வருபவையும் உண்டு. டிராக்ஷன் கன்ட்ரோலை ஏற்றி வைத்துக்கொண்டு தேற்றிய, சக்கரங்களுக்குச் சக்தியைப் பங்கிடும் டிஃபரன்ஷியலின் செட்டிங், அதை அணைத்துவிட்டு ஓட்டுகிறவரைப் பழிவாங்கும்.

இவ்வளவும் விளையாட்டுக்காரர்கள் புதிதாகச் சந்திக்கும் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். நிஜ வண்டிகளை ஒப்பிடுகிறவர்கள் எப்போதோ இதில் முட்டி மோதியிருக்கிறார்கள். ஜப்பானியக் கார் பத்திரிகைகளுக்கும் வீடியோக்களுக்கும் ட்சுகுபா என்ற ஓடுதளம் பொது அளவுகோலாக இருந்தது. சுற்றளவு 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சின்னதாக இருப்பதுதான் அதன் பலம். ஒரு நிமிடத்தில் சுற்றிவிடலாம், ஒரே நாளில் ஐந்தாறு வண்டிகளைச் சோதிக்கலாம், வானிலை மாறுவதற்குள் முடித்துவிடலாம். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்கு வளையம் 20.8 கிலோமீட்டர். பெருமைக்கு அது சரி. ஆனால் அங்கே ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் பிசகினால் போதும், அந்த நேரத்தை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சியை நம்மில் பலர் வேடிக்கைக்காகப் பார்த்திருக்கிறோம். அதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. டன்ஸ்ஃபோல்டு விமானத் தளத்தில் ஒரே பாதை, ஹெல்மெட்டைக் கழற்றாத ஸ்டிக் என்ற ஓட்டுநர். நேரப் பலகையில் தடம் ஈரமாக இருந்தால் அதையும் எழுதி ஒட்டுவார்கள். சாலையில் ஓட்ட அனுமதி உள்ள வண்டிதான் பலகையில் இடம் பெறும். ஒரு வேகத்தடையைத் தாண்டிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகூட இருந்தது. கேலியும் கூத்துமாக நடந்த நிகழ்ச்சி, ஈரம் என்ற ஒரு வார்த்தையை எழுத மறக்கவில்லை. நம் செட்டப் தாள்கள் பலவற்றில் அந்த அக்கறை இல்லை என்பது எனக்கு உறுத்தல்.

எண்ணையே தரமாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஜப்பானில் ஒரு பாடம் கிடைத்தது. 1989-இல் இருந்து அங்குள்ள கார் நிறுவனங்கள், எந்த வண்டிக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் சொல்வதில்லை என்று தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. 2004-இல் ஹோண்டா லெஜண்டு 300 என்று அறிவித்த பிறகுதான் அது உடைந்தது. நடுவே என்ன நடந்தது? எஞ்சின்கள் வளர்ந்துகொண்டே போயின, விளம்பரத்தில் எண் மட்டும் 280-இலேயே நின்றது. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34-ஐ சக்தி அளக்கும் மேடையில் ஏற்றிப் பார்த்தவர்கள் புன்னகைத்தார்கள்.

விளையாட்டு செய்கிறவர்களும் எண்ணால் ஒழுங்கு செய்ய முயன்றார்கள். கிரான் டூரிஸ்மோவில் பி.பி.; ரத்த அழுத்தம் அல்ல, பர்ஃபாமன்ஸ் பாயிண்ட். மைக்ரோசாஃப்டின் ஃபோர்ஸாவில் பி.ஐ. சக்தி, எடை, டயரின் பிடி எல்லாவற்றையும் கலந்து வண்டிக்கு ஒரு மொத்த மதிப்பெண். ஃபோர்ஸா ஹொரைசன் 5-இல் 701 முதல் 800 வரை ஏ வகுப்பு, 801 முதல் 900 வரை எஸ்1, இப்படி. ஒரே வகுப்புக்குள் மோதுங்கள், நியாயமாக இருக்கும் என்பது கணக்கு. பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும். ஆனால் மதிப்பெண் என்று ஒன்று வந்துவிட்டால் பாடத்தைப் படிக்காமல் மதிப்பெண்ணைப் படிக்கிறவர்களும் வருவார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? கிரான் டூரிஸ்மோ 7-இல் டாட்ஜ் டோமஹாக் எக்ஸ் என்ற அசுர வண்டி. நிஜ உலகில் இல்லாத கற்பனை வடிவம். அதன் செட்டிங்குகளைத் தாறுமாறான மூலைகளுக்குத் தள்ளி, கணக்குப் போடும் சூத்திரத்தையே குழப்பி, 600 பி.பி.க்கான பந்தயத்துக்குள் நுழைத்துவிட்டார்கள். மற்ற வண்டிகள் பாவம், கண் மூடித் திறப்பதற்குள் அது போயிருக்கும். அப்டேட்டில் ஓட்டையை அடைத்தார்கள். அடைத்தால் வேறு ஓட்டையைத் தேடுவார்கள். அதில் எனக்கு அருவருப்பு இல்லை. அதுவும் ஒருவகை ட்யூனிங் மூளைதான். ஆனால் "பி.பி. இவ்வளவு" என்று மட்டும் எழுதிய செட்டப் எதையும் நிரூபிப்பதில்லை என்பதை இது காட்டிவிட்டது.

இரண்டு விளையாட்டுகளும் பகிர்வதற்கு வைத்திருக்கும் வழி நேர் எதிரானது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஃபோர்ஸாவில் செட்டப்பை விளையாட்டுக்குள்ளேயே ஏற்றலாம். ஒன்பது இலக்க எண் ஒன்று கிடைக்கும். அதை யார் தட்டினாலும் செட்டப் அப்படியே அவர்கள் வண்டியில் இறங்கிவிடும். எழுத்துப் பிழைக்கு இடமில்லை. ஆனால் உள்ளே என்ன எண்கள் என்று பார்க்க முடியாது, பூட்டி வைத்திருக்கும். கிரான் டூரிஸ்மோவிலோ எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எழுதி, மற்றவர் திரும்ப உள்ளிட வேண்டும். தப்பு நுழைய நூறு வாசல். ஆனால் எல்லாம் திறந்து கிடக்கிறது. முன் ஸ்பிரிங்கை ஏன் பின் ஸ்பிரிங்கைவிட விறைப்பாக வைத்தார் என்று ஒரு பதினாறு வயதுப் பையன் யோசிக்க முடிகிறது. நான் திறந்த தாளின் பக்கம். பூட்டிய செட்டப்பை வைத்து ஜெயிக்கலாம், ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. தாள் திறந்திருப்பதால்தான் பொதுத் தரம் என்ற பேச்சுக்கே தேவை வருகிறது.

அளவு அலகு மாறினாலே எவ்வளவு தெளிவு வரும் என்பதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. கிரான் டூரிஸ்மோ 5, 6 இரண்டிலும் ஸ்பிரிங்கின் விறைப்பைக் கிலோகிராம்-விசை ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவு என்று காட்டினார்கள். 10 என்ற எண், முக்கால் டன் எடையுள்ள லோட்டஸ் எலீசில் கல் மாதிரி விறைப்பு. ஒன்றே முக்கால் டன் ஜிடி-ஆரில் அதே 10 அவ்வளவு விறைப்பாகத் தெரியாது. கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில் இருந்து இதை ஹெர்ட்ஸில், அதாவது ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டி நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற இயல் அதிர்வெண்ணில் காட்ட ஆரம்பித்தார்கள். எடை கணக்குக்குள்ளேயே வந்துவிட்டது. சாதாரணச் சாலை வண்டி ஒன்று முதல் ஒன்றரை ஹெர்ட்ஸ். பந்தய வண்டி இரண்டைத் தாண்டும். இப்போது எலீசையும் ஜிடி-ஆரையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம். டிஃபரன்ஷியலுக்கு இந்தப் பாக்கியம் கிட்டவில்லை. அதன் எண்கள் இன்னும் அலகே இல்லாத வெற்று எண்கள்தான். ஒரு வண்டியின் எண்ணை இன்னொரு வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று அங்கே எச்சரிக்கை எழுதி வைக்க வேண்டும்.

சரி, பொதுத் தரம் என்று நான் எதைக் கேட்கிறேன்? எல்லோரும் ஒரே மாதிரி ட்யூன் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. வளைவில் பின்பக்கம் லேசாக அசைந்தால்தான் உயிர் இருக்கிறது என்பவரும் உண்டு. அசைந்தாலே உயிர் போகிறது என்பவரும் உண்டு. அதில் தலையிட நமக்கு உரிமை இல்லை. தாளில் என்ன எழுத வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும், இந்த இரண்டில் மட்டும் உடன்பட்டால் போதும்.

எழுதுவதில், திரும்பப் பெற முடியாதவை முதல் வரியில் வர வேண்டும். கிரான் டூரிஸ்மோ 7-இல் எடைக் குறைப்பைக் கழற்ற வேண்டுமானால் புது பாடி வாங்க வேண்டும். எஞ்சினைத் துளைத்துப் பெரிதாக்கினால் புது எஞ்சின்தான் பரிகாரம். கடைசி வரிக்கு வந்த பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர் வாங்கிய வண்டியை நொந்துகொள்வார். அதற்கடுத்து விளையாட்டின் பதிப்பு, டயர், ஆயிலும் கிலோமீட்டரும், கன்ட்ரோலரா ஸ்டீயரிங்கா, எந்தத் துணைகள் எந்த அளவில், எந்த ஓடுதளத்துக்காகத் தேற்றியது. கியருக்கு மட்டும் வரிசையும் சேர வேண்டும். எல்லா எண்ணுக்கும் பிறகு முடிவில் விளையாட்டு காட்டும் சக்தி, எடை, பி.பி. மூன்றையும் எழுதினால் அது சரிபார்க்கும் எண்ணாகப் பயன்படும். வாங்கியவரின் திரையில் அந்த மூன்றில் ஒன்று வேறாக இருந்தால் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே எங்கோ பிசகிவிட்டது என்று தெரிந்துவிடும். சக்தியின் அலகையும் எழுதுங்கள். ஜப்பானியர்களின் பிஎஸ்ஸுக்கும் ஆங்கிலேயரின் எச்பிக்கும் ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம் உண்டு, வீண் சண்டைக்கு அது போதும்.

சோதனைதான் கடினம். மிகச் சிறந்த ஒரு சுற்றின் நேரத்தை எழுதுவது நம் வழக்கம். அது ஓட்டுநரின் அதிர்ஷ்டத்தையும் சேர்த்து அளக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ஓட்ட ஓட்ட மனிதன் பாதையைக் கற்றுக்கொள்கிறான். பழைய செட்டப்பில் பத்துச் சுற்று, புதுச் செட்டப்பில் பத்துச் சுற்று என்று ஓட்டினால் இரண்டாவது வேகமாகத்தான் இருக்கும். செட்டப் மட்டமாக இருந்தாலும்கூட. பந்தய எஞ்சினியர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழையது, புதியது, மறுபடி பழையது. மூன்றாவது தடவை பழையதும் வேகமாகிவிட்டால், முன்னேறியது ஓட்டுநர். நம்மால் முடியாத காரியமா இது? கூடுதலாக, எரிபொருள் செலவையும் டயர் தேய்மானத்தையும் அணைத்துவிட்டால் வண்டியின் எடை சுற்றுக்குச் சுற்று மாறாது. சிறந்த நேரத்தோடு எல்லாச் சுற்றுகளின் பரவலையும் எழுதுங்கள். அரை நொடி மெதுவாக இருந்தாலும் பத்துச் சுற்றும் ஒரே மாதிரி வருகிற செட்டப், நீண்ட பந்தயத்தில் தங்கம்.

சோதிக்கிறவர் ஒருவராக இருக்கக் கூடாது. வேகமானவர், நடுத்தரமானவர், புதியவர் என்று மூவர் வேண்டும். மிக வேகமானவர்கள் எந்த வண்டியையும் சமாளித்துவிடுவார்கள், அவர்களிடம் செட்டப்பின் குறை தெரியாது. யாருடைய செட்டப் என்பது அவர்களுக்குத் தெரியவும் வேண்டாம். பெயர் பெற்ற ட்யூனரின் தாள் என்றதும் பாதிப் பேருக்கு வண்டி தானாகவே நன்றாக ஓட ஆரம்பித்துவிடுகிறது! மூன்றாம் ஆள் ஒருவர் எண்களை உள்ளிட்டுக் கொடுத்தால் போதும். அவர்கள் எழுதுவதும் "நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது" என்று இருக்க வேண்டாம். பிரேக் பிடித்து வளைவுக்குள் நுழையும்போது, வளைவின் நடுவே, ஆக்சிலரேட்டரை மிதித்து வெளியேறும்போது என்று மூன்று இடம். அந்த மூன்றிலும் மூக்கு வெளியே போகிறதா, வால் வெளியே போகிறதா என்று எழுதினால் ட்யூனருக்குத் தன் வேலை எங்கே என்று தெரிந்துவிடும். நட்சத்திரம் போடுவதை விட்டுவிடுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு எந்த ஸ்பிரிங்கைத் திருத்துவது?

இன்னும் ஒன்று, பலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஒருவர் தாளை எடுத்து இரண்டு எண்ணை மாற்றித் தன் பெயரில் போடுவது நம்மிடையே சகஜமாகிவிட்டது. மாற்றுவதில் தப்பில்லை, மாற்றத்தான் திறந்து வைத்திருக்கிறோம். ஆனால் யாருடையதிலிருந்து வந்தது, எந்த எண்கள் மாறின, எதற்காக மாறின என்று மூன்று வரி எழுதுவது தரத்தின் பகுதியாக இருக்க வேண்டும். கண்ணியம் ஒரு காரணம். அதைவிட, அந்த மூன்று வரி இருந்தால்தான் ஒரு செட்டப் ஐந்து கை மாறி எப்படி வளர்ந்தது என்று பின்னால் வருகிறவர் படித்துப் பார்க்க முடியும்.

எல்லா வண்டிக்கும் இதைச் செய்ய ஆசைப்பட்டால் ஒன்றும் நடக்காது. கிரான் டூரிஸ்மோ 7 வெளிவந்தபோதே நானூறுக்கு மேல் வண்டிகள். ஒன்றில் ஆரம்பிப்போம். 2015-ஆம் ஆண்டின் மஸ்தா ரோட்ஸ்டர் எஸ், எடை 990 கிலோ, பின்சக்கர இயக்கம், சின்ன எஞ்சின். செட்டப்பில் நடக்கும் சிறு மாற்றத்தையும் மறைக்காமல் காட்டும். ஓடுதளம் ட்சுகுபா. டயர் ஸ்போர்ட்ஸ் ஹார்டு. எந்த மாற்றமும் செய்யாத வண்டியில் முதலில் எல்லோரும் பத்துச் சுற்று ஓட்டி, அந்த நேரங்களை ஒரே நோட்டில் எழுதுவோம். கன்ட்ரோலரில் ஓட்டுகிறவர்கள் தனிப் பக்கம், ஸ்டீயரிங்கில் ஓட்டுகிறவர்கள் தனிப் பக்கம். நோட்டு அந்த வலதுபக்க மேசையில் இருக்கிறது. கேள்விகள் முடிந்ததும் பெயர் கொடுக்கிறவர்கள் கொடுக்கலாம்.